முன்தேதி போட்ட மூன்று மெமோக்கள்: ஒரு ஜவுளிக்கடையின் மனிதவள நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை. 2024 தீபாவளி முடிந்த கையோடு ஒரு விற்பனைப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதை நியாயப்படுத்த, கடையின் மனிதவள அலுவலர் பழைய தேதிகளில் மூன்று மெமோக்களை எழுதினார். அவற்றில் ஒன்றில் இருந்தது, கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற வாரத்தின் தேதி. அந்த மூன்று காகிதங்கள் எப்படி உருவாயின, அவற்றை எழுதும் நிலைக்கு ஒரு படித்த அலுவலர் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதே இங்கு பேசுபொருள்.

கடையும் ஆட்களும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவர்கள். பல கடைகளில் தனித்தனியாகக் காணக் கிடைப்பவை இங்கே ஓரிடத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. சம்பளக் கணக்குகள் மாதிரிக் கணக்குகள். சட்ட விதிகளும் 2023 டிசம்பர் வெள்ளமும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

கடையும் அதன் இரண்டு பதிவுகளும்

சந்திப்புப் பகுதியில் நான்கு மாடிக் கடை. மொத்தம் 84 பேர். அதில் 60 பேர் விற்பனைப் பிரிவு, பெரும்பாலும் பெண்கள். முக்கூடல், சேரன்மகாதேவி, ஆலங்குளம், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பலருடைய வீட்டில் அம்மாவோ அக்காவோ பீடி சுற்றுகிறார்கள். பீடித் தொழிலிலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு. பீடித் தட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை நிர்வாகங்கள் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

ஆனித் தேரோட்டம், ஆவணி முகூர்த்தம், கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு வியாபாரம் இருந்தாலும், கடையின் வருமானத்தைத் தீர்மானிப்பது தீபாவளிக்கு முந்தைய 15 நாள். அந்த நாட்களில் கடை காலை 9.30க்குத் திறந்து இரவு 9.30க்கு அடைக்கும். துணிகளை மடித்து அடுக்கிவிட்டு வெளியே வர 9.50 ஆகும்.

மனிதவளத்துக்கு ஒரே ஓர் அலுவலர். சமூகப்பணி முதுகலை படித்தவர். குடோனை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கணினி, ஒரு அலமாரி. ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு), விடுதி எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு மேல் முதலாளியின் மகன். அவருக்கு மேல் முதலாளி.

வருகைக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று விரல் வைக்கும் பஞ்சிங் மெஷின். அதில் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் உண்மையாக இருக்கும். மற்றது மஸ்டர், கையால் நிரப்பும் வருகைப் பதிவேடு. அதில் எல்லோருக்கும் எல்லா நாளும் 9.30 முதல் 6.30 வரை, நடுவே ஒரு மணி நேரம் இடைவேளை, ஆக 8 மணி நேர வேலை. ஆய்வாளர் வந்தால் காட்டுவது மஸ்டர். தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்க எடுப்பது மெஷின். காலை 9.45க்கு வந்ததை மெஷினைப் பார்த்துத் தெரிந்துகொண்ட கடைக்கு, இரவு 9.50க்குப் போனது மட்டும் தெரியாது.

இந்த இரட்டைப் பதிவை அலுவலர் தொடங்கி வைக்கவில்லை. அவர் சேர்ந்தபோதே இருந்தது. மாதாமாதம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டது மட்டும் அவர்.

நடந்தது

2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அக்டோபர் 16 அன்று எல்லா மாடிகளிலும் இருந்த ஸ்டூல்களை எடுத்துக் குடோனில் போட்டார்கள். கூட்டத்துக்கு இடைஞ்சல் என்பது காரணம்.

அக்டோபர் 20, ஞாயிறு. சேலைப் பிரிவில் இருந்த ஒரு பெண் மாலை நான்கு மணிக்கு மேல், காலி கவுண்டருக்குப் பின்னால் சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அன்று அவருக்குச் சாப்பாட்டு முறை வந்தது மூன்றரை மணிக்கு. அரை மணி நேரத்தில் திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். மாடி சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, “ஏ பிள்ள, எந்திரி” என்று சத்தம் போட்டார். நூறு ரூபாய் அபராதம் என்று சிட்டையில் எழுதினார். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: “பிடிக்கது பிடிங்க அண்ணாச்சி, நூறு ரூவாய்க்கு ஒரு சீட்டு குடுத்துருங்க.”

சீட்டு கேட்டதுதான் மேலிடத்துக்குப் போனது. உட்கார்ந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கூட்டம் ஓயட்டும் என்று விட்டுவைத்து, நவம்பர் 11, திங்கட்கிழமை மாலை, “நாளையிலேருந்து வர வேண்டாம்” என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். கடிதம் இல்லை, காரணம் இல்லை, முன்னறிவிப்புச் சம்பளமும் இல்லை. 2020 பிப்ரவரியில் சேர்ந்தவர். நான்கு ஆண்டு ஒன்பது மாதம் வேலை பார்த்திருந்தார்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் விசாரணை நடத்தி, சான்றைப் பதிவுசெய்து, அது நிரூபணமாகியிருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பெண் டிசம்பர் 5 அன்று மனுக் கொடுத்தார்.

நோட்டீஸ் கடைக்கு வந்த அன்று முதலாளி அலுவலரைக் கூப்பிட்டார். “அந்தப் பிள்ளைக்குப் பழைய மெமோ ஏதாவது கெடக்கா பாருங்க. இல்லைன்னா ஒண்ணு ரெண்டு போட்டு வையுங்க.” அலுவலர் சொன்னது, “சரிங்க மொதலாளி.”

மூன்று காகிதங்கள்

முதல் மெமோவின் தேதி 20-12-2023. “18, 19 தேதிகளில் முன்னறிவிப்பின்றி வேலைக்கு வரவில்லை.” இரண்டாவது 11-03-2024. “வாடிக்கையாளரிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார்.” மூன்றாவது 22-07-2024. “வேலை நேரத்தில் செல்போன் பயன்படுத்தினார்.” மூன்றிலும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போடும் இடத்தில், “வாங்க மறுத்தார்” என்ற குறிப்பும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும்.

பொய்யான காகிதம் பிடிபடுவது பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும் விஷயத்தால் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் மற்றக் காகிதங்களால்.

மூன்றாவது மெமோ அச்சடித்த தலைப்புத் தாளில் இருந்தது. அந்தத் தாளில் தென்காசிக் கிளையின் தொலைபேசி எண்ணும் இருந்தது. அந்தக் கிளை திறந்தது 2024 செப்டம்பரில். இரண்டாவது மெமோவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த பேக்கிங் பிரிவு ஊழியர் கடையில் சேர்ந்ததே 2024 ஜூனில். அவருடைய பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி பதிவாகியிருக்கிறது. அதைக் கடை தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

முதல் மெமோதான் கடையை முழுவதுமாகக் கவிழ்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெய்த மழையும் தாமிரபரணி வெள்ளமும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. சந்திப்புப் பகுதி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. கடை 18 முதல் 22 வரை திறக்கப்படவில்லை. அலுவலர் ஊர்க்காரர்தான், அவருக்கும் இது தெரியும். பின் ஏன் அந்தத் தேதியைப் போட்டார்? மெமோ தயாரிக்கும்போது வருகை மென்பொருளில் அந்தப் பெண்ணின் எண்ணை மட்டும் வடிகட்டி, கடந்த ஓராண்டில் அவர் வராத நாட்களை எடுத்தார். விரல் வைக்காத நாளில் மென்பொருள் தானாக ‘ஆப்சென்ட்’ போட்டுவிடும். அந்த ஐந்து நாளும் 84 பேருக்கும் ‘ஆப்சென்ட்’ விழுந்திருந்தது. ஒரே ஆளை வடிகட்டிப் பார்த்ததால் அது ஒருவரின் தவறு போலத் தெரிந்தது. கடை மூடியிருக்கும் நாளை விடுமுறை என்று மென்பொருளில் குறிக்க வேண்டும் என்ற சாதாரண வேலையை டிசம்பர் 2023இல் யாரும் செய்யவில்லை.

மேல்முறையீட்டு விசாரணையில் மனுதாரர் தரப்பு கேட்டது மூன்று ஆவணங்கள். 2023 டிசம்பர் மாத மஸ்டர், சம்பளப் பட்டியல், வெள்ளச் சேதத்துக்காகக் கடை கொடுத்த காப்பீட்டுக் கோரிக்கை. மஸ்டரில் 18 முதல் 22 வரை “வெள்ளம், கடை இல்லை” என்று அலுவலரின் கையெழுத்திலேயே இருந்தது. சம்பளப் பட்டியலில் அந்த ஐந்து நாள் சம்பளம் எல்லோருக்கும் பிடிக்கப்பட்டிருந்தது. கோரிக்கைப் படிவத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் நின்ற தேதிகளைக் கடையே எழுதிக் கொடுத்திருந்தது. கடை திறக்கவில்லை என்பதால் கூலி இல்லை என்று ஒரு காகிதம். அதே நாளில் கடைக்கு வரவில்லை என்று இன்னொரு காகிதம். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

அதற்குப் பிறகு கடைத் தரப்பு எந்தப் பதிவேட்டைக் கொடுத்தாலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. 2025 ஜூனில் சமரசம். அந்தப் பெண்ணை மீண்டும் வேலைக்கு எடுத்து, தொடர்ச்சி முறியாமல் பணிக்காலமும் கொடுத்து, ஏழு மாதச் சம்பளம் 91,000 ரூபாயும் கொடுத்தார்கள். அலுவலர் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். மெமோக்களில் இருந்தது அவருடைய கையெழுத்து மட்டும். விசாரணையில் காட்டுவதற்காகப் பொய்ச் சான்று புனைவது குற்றவியல் சட்டத்தின் கீழ் வரக்கூடிய விஷயம். “போட்டு வையுங்க” என்று சொன்னவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

எங்கே தொடங்கியது

நிர்வாகவியல் வகுப்பில் இந்த நிகழ்வைக் கொடுத்தால், பெரும்பாலோர் விரல் வைக்கும் இடம் டிசம்பர் மாதம்: முதலாளி கேட்டார், அலுவலர் மறுத்திருக்க வேண்டும். சரிதான். ஆனால் அதுவரை மாதம் 84 வரிசையில் 6.30 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, டிசம்பரில் திடீரென்று மறுக்க எந்தப் பிடிமானமும் இல்லை. “மஸ்டர்ல எழுதலையா, இதையும் எழுதுங்க” என்று முதலாளி கேட்டால் என்ன பதில் சொல்வார்? மெமோ அவருக்குப் புதிய பொய்யாகத் தோன்றவில்லை. வழக்கமான அலுவலக வேலையாகவே தோன்றியது. மனிதவளத்தின் அறம் என்று தனியாக ஒரு கொள்கை அறிக்கை எழுதி மாட்டுவதை விட, மஸ்டரில் 9.50ஐ 9.50 என்று எழுதுவது கடினம். பயன் தருவதும் அதுதான்.

ஆகவே அந்த 9.50ஐக் கணக்காகப் பார்ப்போம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 500, மணிக்கு 62.50. காலை 9.30 முதல் இரவு 9.30 வரை 12 மணி. ஒரு மணி இடைவேளை போக 11 மணி நேர வேலை. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. இடைவேளை உட்பட மொத்தப் பரவல் 12 மணி. 4 மணி நேர வேலைக்கு ஒருமுறை ஒரு மணி நேர இடைவேளை. தீபாவளி வாரத்தில் வார விடுமுறையும் இல்லாமல் 77 மணி நேரம் ஓடியது. காலை 9.30க்கு நின்றவருக்கு மூன்றரை மணிக்குச் சாப்பாடு என்றால் இடைவேளை விதியும் போயிற்று.

ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம்: மணிக்கு 125. மூன்று மணி நேரத்துக்கு 375. 60 பேருக்கு நாளுக்கு 22,500. 15 நாளுக்கு 3,37,500 ரூபாய். கடை கொடுத்தது தலைக்கு 1,500 சீசன் படி, மொத்தம் 90,000. முழு ஓ.டி.யும் கொடுத்தால்கூட 11 மணி நேரம் சட்ட எல்லையைத் தாண்டியதுதான். காசு கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இங்கே அலுவலர் முதலாளியிடம் வைத்திருக்கக்கூடிய காகிதம் ஒன்று இருந்தது. 60 பேர், மூன்று மணி நேரம் என்றால் நாளுக்கு 180 ஆள்-மணி. அதை எட்டு மணி நேர ஆட்களாக்கினால் 22.5, 23 என்று வைத்துக்கொள்வோம். 23 தற்காலிக ஆட்கள், நாளுக்கு 500, 15 நாள்: 1,72,500. பி.எஃப். நிர்வாகக் கட்டணம் உட்பட முதலாளி பங்கு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் சேர்த்தால் இன்னும் ஏறக்குறைய 28,000. ஆக இரண்டு லட்சம். சட்டப்படி ஓ.டி. கொடுப்பதை விட ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் குறைவு. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பதினைந்து நாள் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போவதில்லை. பழைய ஆட்களை 9.30–6.30, 12.30–9.30 என்று இரண்டு முறையாக (ஷிப்ட்) பிரித்தால், மாலை வரும் கூட்டத்துக்கு இரு முறை ஆட்களும் கடையில் இருப்பார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸும் பாதிப் பேருக்குப் பிரச்சினையில்லை. இரண்டாம் முறையில் யாரைப் போடுவது என்பதை வீட்டுத் தூரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆலங்குளத்துக்கு அப்பால் போகிறவரை இரவு முறையில் போட்டுவிட்டு டவுன்காரரைப் பகலில் வைப்பது, எல்லாக் கடையிலும் நடக்கிற அபத்தம்.

இரண்டு லட்சம் எதோடு ஒப்பிட்டால் அதிகம்? 90,000 ரூபாயோடு. அதாவது பொய் மஸ்டர் எழுதும் வரைதான் நேர்மையான வழி செலவு கூடியதாகத் தெரியும். மஸ்டர் பொய் என்பதால் இந்தக் கணக்கே முதலாளியின் மேசைக்குப் போகவில்லை. காகிதத்தில் ஓ.டி. இல்லை, இல்லாத ஓ.டி.க்கு மாற்று யோசனை எங்கிருந்து வரும்?

ஸ்டூலும் நூறு ரூபாயும்

தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். கேரளம் 2018இல் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களின் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. நம் பக்கத்தில் பழைய ஜவுளிக்கடைகளில் விற்கிறவரும் வாங்குகிறவரும் மெத்தை விரித்த மேடையில் உட்கார்ந்துதான் சேலை பார்த்தார்கள். கண்ணாடிக் கவுண்டர் வந்தபோது வாங்குகிறவருக்கு நாற்காலி வந்தது. விற்கிறவர் எழுந்து நின்றார்.

இருக்கை என்றால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதல்ல. கவுண்டர் உயரம் 36 அங்குலம் என்றால் 24 முதல் 26 அங்குலம் வரை உயரமுள்ள ஸ்டூல் வேண்டும், கால் வைக்க வளையத்தோடு. 18 அங்குல ஸ்டூலில் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் கண்ணில் படமாட்டார், சூப்பர்வைசர் எழுப்புவார், இரண்டே நாளில் ஸ்டூல் குடோனுக்குப் போய்விடும். கவுண்டருக்குப் பின்னால் இரண்டரை அடிப் பாதைதான் இருந்தால் மடக்கு இருக்கை. ஒரு கவுண்டருக்கு மூன்று பேர் என்றால் ஒரு இருக்கையாவது எப்போதும் காலியாக எட்டும் தூரத்தில். இத்தோடு சேர்ந்தது கழிப்பறை. மேல் மாடியிலிருந்து கீழே போய் வரப் பத்து நிமிடம், போனதற்கு ஒரு முறைப்பு என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கால் நரம்பு வீக்கமும் சிறுநீர்த் தொற்றும் இ.எஸ்.ஐ. மருந்தகச் சீட்டில் வருவதன் காரணம் கடையின் மாடிப்படியில் இருக்கிறது.

அபராதத்துக்கு வருவோம். உட்கார்வதற்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கும்போது உட்கார்ந்ததற்கு அபராதம் போடவே முடியாது. பொதுவாகவும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பது முன்கூட்டியே ஒப்புதல் பெற்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அந்தச் சம்பள காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவணையில் பிடிக்கக் கூடாது. பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பணம் ஊழியர் நலனுக்கே போக வேண்டும். முந்தைய சட்டங்களின் சாரமும் இதுவே. சூப்பர்வைசரின் சிட்டை இவற்றில் எதற்கும் பொருந்தாது. அந்தப் பெண் சீட்டு கேட்டதும் எல்லோரும் பதறியதற்குக் காரணம், சீட்டு கொடுத்தால் அபராதம் என்ற ஒன்று கடையில் இருப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தாமதப் பிடிப்பு இன்னொரு ஓட்டை. 15 நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளம், அதாவது 250 ரூபாய் பிடித்தார்கள். வேலை செய்யாத நேரத்துக்குரிய விகிதத்தில் பிடித்தால் 15 ரூபாய் 63 காசு. பதினாறு மடங்கு வித்தியாசம். பத்து நிமிடச் சலுகை நேரம், அதற்கு மேல் விகிதப்படி பிடிப்பு, மாதத்தில் நான்கு முறைக்கு மேல் போனால் கூப்பிட்டுப் பேசுவது என்று வைத்தால் போதும். பஸ் தாமதத்துக்கு அரைநாள் பிடிக்கிற கடையில், தாமதமானவர் அன்றைக்கு வராமலே இருந்துவிடுகிறார் என்பதை அலுவலரின் சொந்தப் பதிவுகளே காட்டின. யாரும் அதைப் படிக்கவில்லை.

நீக்கம் என்றால் எப்படி

ஒரு வாதத்துக்கு, அந்தப் பெண் உண்மையிலேயே ஒழுங்கீனம் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி ஒன்றுதான். நடந்த இரண்டு மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டு மெமோ. அதில் நாள், நேரம், இடம், என்ன செய்தார், யார் பார்த்தார் என்பவை தெளிவாக. “மரியாதைக் குறைவு” என்ற பொதுச்சொல் செல்லாது. என்ன வார்த்தை சொன்னார் என்று எழுத வேண்டும். மெமோவுக்குத் தொடர் எண், அனுப்புகைப் பதிவேட்டில் பதிவு. கையில் வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் வீட்டு முகவரிக்கு. ரசீதைக் கோப்பில் ஒட்டி வைக்க வேண்டும். பதில் தர மூன்று நாளாவது. பதில் திருப்தியில்லை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விசாரணை அலுவலராகக் குற்றம் சாட்டியவரோ சாட்சியோ இருக்கக் கூடாது. சிறிய கடையில் வெளியாள் ஒருவரை வைப்பதே நல்லது. சாட்சிகள் அவர் முன்னிலையில் பேச வேண்டும், அவர் குறுக்குக் கேள்வி கேட்க வாய்ப்பு இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் இருதரப்புக் கையெழுத்து. முடிவறிக்கையின் நகலை அவருக்குக் கொடுத்து, தண்டனை பற்றி மீண்டும் ஒருமுறை கேட்ட பிறகே உத்தரவு. விசாரணை முடியும் வரை தற்காலிகப் பணிநீக்கத்தில் (சஸ்பெண்ட்) வைத்தால் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிழைப்பூதியம்: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் முழுதும்.

பெரும்பாலான கடைகளில் விசாரணை என்பது மேலாளர் அறையில் பத்து நிமிடச் சத்தம். அதிலும் கெட்டது, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது. வேலைக்குச் சேரும் நாளிலேயே தேதியில்லா ராஜினாமாக் கடிதம் வாங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படி ஒன்று அலமாரியில் இருந்தால், மனிதவள அலுவலர் செய்ய வேண்டியது அதை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துப் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குவது.

பணிக்காலத்தையும் பார்க்க வேண்டும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு தேவை என்றாலும், நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கு ஆண்டு ஒன்பது மாதக்காரரை விசாரணையில்லாமல் நிறுத்தினால், பணிக்கொடையைத் தவிர்க்கத்தான் நிறுத்தினார்கள் என்ற வாதம் தானாக வரும். ஐந்து ஆண்டாகக் கணக்கிட்டால் அந்தத் தொகை 500 × 15 × 5 = 37,500. கடைக்கு அந்த எண்ணம் இல்லாமலே இருந்திருக்கலாம். நவம்பர் 11க்கு முன் அலுவலரிடம் யாராவது கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவரும் போய்ச் சொல்லவில்லை.

டிசம்பரில் இருந்த வழிகள்

நோட்டீஸ் வந்த அன்று அலுவலர் கையில் இருந்தது ஒரு காலிக் கோப்பு. அதைக் காலி என்று சொல்வதுதான் முதல் வேலை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கணக்கு: அன்றைக்கே திரும்ப எடுத்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், 13,000. இழுத்தால் மாதத்துக்கு ஒரு 13,000 ஏறும். வக்கீல் செலவு தனி. தோற்றால் பணிக்காலத் தொடர்ச்சியும் கொடுக்க வேண்டும். முதலாளிக்குப் புரியும் மொழி இது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அறத்தைக் கணக்காக எடுத்துச் சொல்லத் தெரிவது இந்த வேலையின் பாதி.

முதலாளி அப்போதும் மெமோ கேட்டால், வாயால் சண்டை போடாமல் எழுத்தில் இரண்டே வரி: “இந்த ஊழியருக்கு இதுவரை மெமோ எதுவும் வழங்கப்படவில்லை. இன்று எழுதினால் இன்றைய தேதியில்தான் எழுத முடியும்.” நேரில் சொல்வதென்றால், “மொதலாளி, தேதி இன்னைக்குள்ளதுதான் போடுவேன், பழசு போட்டா உங்க கையையும் சேத்துக் கட்டிரும்” என்று சொல்லலாம். பெரும்பாலான முதலாளிகள் இதோடு நின்றுவிடுவார்கள். அவர்கள் கேட்பது பொய்யை அல்ல, பாதுகாப்பை; பொய் பாதுகாப்பு தராது என்று சொல்லத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாததுதான் குறை. அப்படியும் நிற்காமல் வேறு ஒருவரை வைத்து எழுதினால், அதில் கையெழுத்துப் போடாமலும், விசாரணைக்கு எடுத்துப் போகாமலும் இருக்க வேண்டும். அதற்கு வேலை போகலாம். மாதத் தவணை கட்டும் ஆளுக்கு இது லேசான பேச்சில்லை. ஆனால் இந்த நிகழ்வில் கையெழுத்துப் போட்டும் அவர் வேலை மிஞ்சவில்லை.

மறுபக்கத்திலும் எல்லை உண்டு. மனிதவள அலுவலர் ஊழியரின் வக்கீல் இல்லை. “போய் மனுப் போடும்மா” என்று இரகசியமாகச் சொல்லியனுப்புவதும், சம்பளப் பட்டியலைப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் நேர்மையில் சேராது; அதில் மற்ற 83 பேரின் விவரமும் இருக்கிறது. தான் எழுதிய குறிப்பின் நகலையும், தனக்கு வந்த கட்டளையைத் தேதியோடு எழுதிய சொந்தக் குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளலாம். நீக்கப்பட்டவர் தன் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், பணிச் சான்று கேட்டு வந்தால் தாமதமில்லாமல் கொடுப்பது அவருடைய வேலை. அதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை என்பதைச் சேரும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு

2025இல் தீபாவளி அக்டோபர் 20. கடையில் புதிய அலுவலர். இரண்டு முறை வேலை நேரமும் தற்காலிக ஆட்களும் வந்தன. மூன்று மாடிகளில் உயர ஸ்டூல்கள் நின்றன. தள்ளுபடித் துணி குவித்த தரைத்தளத்தில் மட்டும் இடமில்லை என்று சொல்லி இன்னும் வைக்கவில்லை. சூப்பர்வைசரிடமிருந்து சிட்டையை வாங்கிவிட்டார்கள். மெஷின் நேரத்திலிருந்தே மஸ்டர் அச்சாகிறது. கையால் நிரப்புவது நின்றது. கடை மூடிய நாட்களை அன்றன்றே மென்பொருளில் விடுமுறையாகக் குறிக்கிறார்கள்.

பழைய மஸ்டர்கள் அலமாரியில் இருக்கின்றன, வரிசை வரிசையாக 6.30 என்று. அவற்றை மெஷின் பதிவுப்படி திருத்தி எழுதிவிடலாமா என்று புதிய அலுவலர் கேட்டார். கூடாது. திருத்தினால் அது இரண்டாவது முன்தேதிக் காகிதம். பழைய மஸ்டரை அப்படியே வைத்து, மெஷின் பதிவின் முழு நகலையும் தனியாக எடுத்து வைத்து, இரண்டும் பொருந்தவில்லை என்பதை இன்றைய தேதியிட்ட குறிப்பாக எழுதி, முதலாளியின் கையெழுத்தோடு கோப்பில் சேர்க்க வேண்டும். கொடுபட வேண்டிய ஓ.டி.யை ஆள்வாரியாகக் கணக்கிட்டு, விட்டுப் போனவர்கள் உட்பட, பட்டியல் போட வேண்டும். பட்டியல் தயாராகிவிட்டது. முதலாளியின் கையெழுத்து இன்னும் வரவில்லை.